பளபளப்பை நம்பலாமா?

சந்தையில் மண்பானை வாங்குபவர் அதைக் கையில் எடுத்ததும் முதலில் என்ன செய்கிறார்? விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டுகிறார். கணீரென்று ஒலித்தால் நல்ல பானை. சுருதி கெட்டு ஒலித்தால், கண்ணுக்குத் தெரியாத கீறல் எங்கோ ஓடியிருக்கிறது என்று பொருள். பானையின் நிறமும் வழவழப்பும் அவரை ஏமாற்றுவதில்லை. கண்ணால் காண இயலாத குறையை வேறொரு வழியால் கண்டறியும் இந்த அறிவு, நம் பாட்டிமார்களுக்கும் இருந்தது.

இதே அறிவு, தம் உயிரையே நம்பி ஒப்படைக்கும் ஒரு பொருளை விலை பேசுவோருக்கும் தேவைப்படுகிறது. அப்பொருள், பழைய பாய்மரப் படகு. ஒரு படகை வாங்குவதில் நாம் படிக்கும் இயற்பியலுக்கு என்ன வேலை என்று கேட்கிறீர்களா? வாருங்கள், பார்ப்போம்.

பழைய படகு, புதிய சொந்தக்காரர்

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் 1960களிலும் 1970களிலும் கண்ணாடி இழையும் பிசினும் சேர்த்து ஆயிரக்கணக்கான பாய்மரப் படகுகளை வார்த்தார்கள். ஒரு சிறு குடும்பம் உள்ளேயே சமைத்து, உறங்கி, கடல் கடந்து செல்லத்தக்க படகுகள் இவை. இங்கிலாந்தின் தென்கரையில் லிமிங்டன் என்னும் ஊரில் 1970களில் கட்டப்பட்ட காண்டெஸா 32 என்னும் வகைப் படகுகள் இன்றும் கடலில் ஓடுகின்றன. கண்ணாடி இழை மட்குவதில்லை, துருப்பிடிப்பதும் இல்லை. ஆகவே, 50 வயதான படகின் உடல் இன்னும் உறுதியாகவே இருக்கக்கூடும். புதுப்படகு வாங்க வசதியில்லாதோர் இத்தகைய படகுகளைத் தேடி வாங்குகின்றனர்.

ஆனால், உடலுக்கு இருக்கும் ஆயுள், பாய்மரத்தைத் தாங்கிப் பிடிக்கும் உலோகப் பாகங்களுக்கு இல்லை. அவை பெரும்பாலும் எவர்சில்வரால், அதாவது துருப்பிடிக்காத எஃகினால், செய்யப்பட்டவை. பல ஆண்டுகள் ஆன பின்னும் வெயிலில் பளபளவென்று மின்னுகின்றன. விற்பவர் துடைத்து மெருகேற்றியும் வைத்திருப்பார். இந்தப் பளபளப்பை நம்பலாமா என்பதே நம் கேள்வி.

மின்கம்பமும் பாய்மரமும்

தெருக்கோடியில் நிற்கும் மின்கம்பத்தைக் கவனித்திருப்பீர்கள். கம்பிகள் ஒரே பக்கம் இழுப்பதால் கம்பம் சாயாதபடி, எதிர்ப்பக்கத்தில் தரையிலிருந்து சாய்வாக ஒரு ஸ்டே கம்பி கட்டியிருப்பார்கள். பாய்மரமும் அப்படித்தான் நிற்கிறது. 10 மீட்டர் நீளமுள்ள படகில், 12 மீட்டருக்கும் உயரமான அலுமினியக் குழாய் ஒன்று நிற்கிறது. முன்னும் பின்னும் இடமும் வலமும் கட்டிய ஸ்டே கம்பிகள் இல்லையேல், ஒரு வலிய காற்றில் அது முறிந்து விழுந்துவிடும்.

கம்பி என்று நாம் சொல்வது ஒற்றைக் கம்பியன்று. நடுவில் 1, அதைச் சுற்றி 6, அவற்றைச் சுற்றி 12 என மொத்தம் 19 கம்பிகளை முறுக்கிய வடம் அது. ஒரே அளவுள்ள வட்டம் ஒன்றைச் சுற்றிச் சரியாக 6 வட்டங்கள் அடங்கும் என்பதை நாணயங்களை வைத்து நீங்களே சரிபார்க்கலாம்.

வடத்தின் முனையை ஒரு குழாய்க்குள் செருகி, அக்குழாயைப் பொறியால் நசுக்கி இறுக்குவார்கள். இதை முனைக்குழாய் என்போம். முனைக்குழாயின் கீழே, இறுக்கவும் தளர்த்தவும் திருகுள்ள டர்ன்பக்கிள். அதன் கீழே ஒரு தடித்த பின். அந்தப் பின் கழன்று விழாமலிருக்க, கொண்டை ஊசி போன்ற சிறிய ஸ்பிளிட் பின். இறுதியாக, படகின் மேல்தளத்தைத் துளைத்துக்கொண்டு உள்ளே இறங்கி, உட்சுவரில் போல்ட்டுகளால் பிணைக்கப்பட்ட எஃகுப் பட்டை. இவை அனைத்தும் ஒரு சங்கிலியின் கண்ணிகள். எந்த ஒன்று அறுந்தாலும் மற்றவற்றின் வலிமையால் பயனில்லை. சில ரூபாய் பெறுமான ஸ்பிளிட் பின் கழன்று, பாய்மரமே சாயக்கூடும்!

கணக்கிட்டுப் பார்ப்போம்

ஒரு ஸ்டே கம்பியின் மீது எவ்வளவு இழுவிசை ஏற்படுகிறது? 5 டன் எடையுள்ள படகு ஒன்று காற்றினால் ஒரு பக்கம் சாய்ந்து செல்கிறது என்போம். படகின் எடை கீழ்நோக்கியும், நீரின் மிதப்பு விசை மேல்நோக்கியும் செயல்படுகின்றன. படகு சாய்ந்திருப்பதால் இவ்விரண்டும் ஒரே கோட்டில் இல்லை. இடையே 0.5 மீட்டர் தொலைவு இருப்பதாகக் கொள்வோம். எனவே, படகை நிமிர்த்த முயலும் திருப்புத்திறன் 5,000 × 9.8 × 0.5 = 24,500 நியூட்டன் மீட்டர்.

காற்றோ பாய்களைத் தள்ளி, இதற்குச் சமமான திருப்புத்திறனை எதிர்த்திசையில் தருகிறது. பாய்மரத்தை அது முறித்துவிடாமல் காப்பவை காற்றடிக்கும் பக்கத்து ஸ்டே கம்பிகள். அவை பாய்மரத்தின் அடியிலிருந்து 1.5 மீட்டர் தள்ளிக் கட்டப்பட்டிருந்தால், இழுவிசை 24,500 ÷ 1.5, அதாவது ஏறக்குறைய 16,300 நியூட்டன். ஒரு சிறிய காரைத் தூக்கித் தொங்கவிட்டால் ஏற்படும் இழுப்பையும் விட இது அதிகம்.

8 மி.மீ. தடிமனுள்ள நல்ல வடம் ஒன்று 5 டன்னுக்கும் மேற்பட்ட எடையைத் தாங்கவல்லது. நம் கணக்கின்படி வருவதோ 1.7 டன் அளவே. அதுவும் ஒரே பக்கத்துக் கம்பிகளிடையே பங்கிடப்படுகிறது. மூன்று மடங்கு பாதுகாப்பு இருக்கிறதே! பின் ஏன் கம்பிகள் அறுகின்றன?

உலோகமும் களைத்துப்போகும்

ஒரு ஜெம் கிளிப்பை எடுத்து விரித்து, ஒரே இடத்தில் முன்னும் பின்னுமாக மடக்குங்கள். முதல் மடிப்பில் அது உடைவதில்லை. எண்ணிக்கொண்டே மடக்கினால், ஏதோ ஒரு மடிப்பில் பட்டென்று உடைகிறது. கடைசி மடிப்பில் நீங்கள் கூடுதல் வலிமையைச் செலுத்தவில்லை. முதல் மடிப்பைத் தாங்கிய அதே கம்பி, அதே விசையைப் பல தடவை தாங்கியபின் தாங்க முடியாமல் போயிற்று. இதை உலோகக் களைப்பு என்பர். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மானியப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர், இரயில் வண்டி அச்சுகளைக் கொண்டு இதை முறையாக ஆராய்ந்தார். ஒரே தடவையில் உடைக்கத் தேவையான விசையைவிட மிகக் குறைந்த விசையும், திரும்பத் திரும்பச் செயல்பட்டால் உலோகத்தை உடைத்துவிடும் என அவர் காட்டினார்.

கடலில் படகு உருண்டுகொண்டே இருக்கிறது. 6 விநாடிக்கு ஒரு தடவை என்று வைத்தால் நிமிடத்துக்கு 10, மணிக்கு 600, நாளுக்கு 14,400 தடவை கம்பி இறுகித் தளர்கிறது. கானரித் தீவுகளிலிருந்து அட்லாண்டிக்கைக் கடந்து கரிபியன் தீவுகளை அடைய மூன்று வாரம் ஆகிறது என்று கொண்டால், அந்த ஒரே பயணத்தில் 3 லட்சம் தடவை! ஆகவே பழைய கம்பியைப் பார்த்து, "இது எவ்வளவு தடிமன்?" என்று கேட்பது போதாது, "இது எத்தனை தடவை இழுபட்டது?" என்றும் கேட்க வேண்டும்.

துளையின் விளிம்பில்

விரிசல் எங்கே தொடங்குகிறது? 1913இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த பொறியாளர் சார்லஸ் இங்கிலிஸ், கப்பல் கட்டும் பொறியாளர் கழகத்தில் ஒரு கட்டுரை படித்தார். ஓர் உலோகத் தகட்டில் நீள்வட்டத் துளை ஒன்று இருக்கிறது. தகட்டை அத்துளையின் நீளத்துக்குக் குறுக்காக இழுக்கிறோம். துளையின் நுனியில் தகைவு எத்தனை மடங்காகும்? துளையின் நீளத்தை அகலத்தால் வகுத்து, 2ஆல் பெருக்கி, 1ஐக் கூட்டினால் விடை கிடைக்கும் என்றார் அவர்.

வட்டத் துளைக்கு நீளமும் அகலமும் சமம். எனவே தகைவு 3 மடங்கு. நீளம் அகலத்தைப் போல் 10 மடங்கானால் 21 மடங்கு! விரிசல் என்பது அகலமே இல்லாத நீள்வட்டம் போன்றதன்றோ? அதன் கூரிய நுனியில் தகைவு எவ்வளவு உயரும் என எண்ணிப் பாருங்கள். நாம் கணக்கிட்ட மூன்று மடங்கு பாதுகாப்பு, பின் செருகிய துளையின் விளிம்பிலேயே செலவாகிவிடக்கூடும். மயிரிழை போன்ற ஒரு கீறல் வந்துவிட்டாலோ, ஒவ்வோர் அலையும் அதைச் சிறிது நீட்டுகிறது.

எவர்சில்வர் மூச்சு விடுகிறது

அதே 1913இல், இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி என்பார் குரோமியம் கலந்த துருப்பிடிக்காத எஃகை உருவாக்கினார். இவ்வகை எஃகில் குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் உண்டு. காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் குரோமியம் சேர்ந்து, மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் சில பங்கே தடிமனுள்ள ஓர் ஆக்சைடு படலத்தை அமைக்கிறது. இப்படலமே எஃகைத் துருவிலிருந்து காக்கிறது. கீறல் பட்டாலும், ஆக்சிஜன் கிடைக்கும் வரை படலம் தானே வளர்ந்து மூடிக்கொள்ளும். எவர்சில்வர் மூச்சு விடுகிறது என்றே சொல்லலாம்.

ஆனால், உப்பிலுள்ள குளோரைடு இப்படலத்தின் பகைவன். நம் வீடுகளில் உப்பை எவர்சில்வர் டப்பாவில் வைக்காமல் பீங்கான் ஜாடியில் போடுவது ஏன்? ஈரம் பட்ட உப்பு, எவர்சில்வரில் புள்ளி புள்ளியாகக் குழி விழச் செய்யும். கடல்நீர் ஓர் இடுக்கில் புகுந்து தேங்கினால் இரண்டு தீமைகளும் ஒன்று சேர்கின்றன. அங்கே உப்பு மிகுதி. புதிய ஆக்சிஜனோ இல்லை. படலம் அழிகிறது, மீண்டும் வளர்வதில்லை, அரிப்பு உள்நோக்கிச் செல்கிறது.

இதிலிருந்து ஒரு விந்தையான முடிவு கிடைக்கிறது. வெயிலிலும் காற்றிலும் திறந்து கிடக்கும் பாகமே நல்ல நிலையில் இருக்கும். மூடியும் மறைத்தும் பூசியும் வைத்த பாகமே கெட்டுப்போகும். நம் கண்ணில் படுகிற பளபளப்பு, கண்ணில் படாத இடத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. ஆகவே, மறைந்திருக்கும் இடத்தைத் தேடிப் பார்ப்பதே படகு ஆய்வின் முதல் விதி.

ஆய்வாளர் என்ன பார்க்கிறார்?

படகு வாங்குவோர் அதற்கென்றே பயின்ற ஆய்வாளரை அழைத்துச் செல்வதுண்டு. அவர் கேட்கும் முதற்கேள்வி, "கம்பிகளை எந்த ஆண்டில் மாற்றினீர்கள்?" என்பது. கடலில் பயன்படும் வடங்களை 10 முதல் 15 ஆண்டுகளில் மாற்றிவிடுவது பொதுவான வழக்கம். மாற்றியதற்கான இரசீது இல்லையேல், மாற்றவில்லை என்றே கொள்வார்.

பின்னர் ஒரு பஞ்சுத் துண்டை வடத்தின் மேல் வைத்து மெல்ல இழுத்துச் செல்வார். 19 கம்பிகளில் ஒன்று அறுந்திருந்தால், அதன் நுனியில் பஞ்சு சிக்கிக்கொள்ளும். வெறுங்கையால் தடவினால் கை கிழியும். ஒரு கம்பி அறுந்திருந்தால், மீதி 18 இருக்கின்றனவே என்று அவர் ஆறுதல் அடைவதில்லை. அவையும் அதே வயதுடையவை. அதே அலைகளைத் தாங்கியவை. அந்த வடம் மட்டுமன்று, அதன் இணையான மறுபக்கத்து வடமும் மாற்றப்பட வேண்டியதே.

அடுத்து, பத்து மடங்கு பெரிதாக்கும் உருப்பெருக்கியால் முனைக்குழாய்களைப் பார்ப்பார், அதிலும் கீழ்முனைகளை. மழைநீரும் அலைநீரும் வடத்தின் வழியே வழிந்து கீழ்முனைக்குள்ளேதான் தங்குகின்றன. உள்ளே உண்டாகும் துரு, உலோகத்தைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால் குழாயை உள்ளிருந்து நெட்டித் தள்ளுகிறது. கான்கிரீட் தூணின் உள்ளே கம்பி துருப்பிடித்து, மேற்பூச்சு வெடித்து விழுவதைப் பார்த்திருப்பீர்கள். இங்கும் அதே கதைதான். குழாயின் நீளவாக்கில் மெல்லிய வெடிப்பு ஒன்று தெரிந்தால், அந்த முனையை ஒதுக்கிவிட வேண்டும். முனைக்குழாய் வாழைப்பழம் போல் வளைந்திருந்தாலும் ஆகாது. நேராக இழுபட வேண்டியது வளைந்து வளைந்து களைத்துப்போகும்.

டர்ன்பக்கிளின் கீழே, இரண்டு திசைகளிலும் மடங்கத்தக்க ஓர் இணைப்பு இருக்கிறதா என்று பார்ப்பார். லாரியின் அடியில் உள்ள யுனிவர்சல் ஜாயிண்டைப் போன்றது இது. காற்றில் கம்பி ஆடும்போது, இவ்விணைப்பு இருந்தால் அது மடங்கிக்கொடுக்கும். இல்லாவிட்டால் திருகாணி வளைந்து வளைந்து ஜெம் கிளிப்பின் கதியை அடையும்.

முன்பக்க ஸ்டே கம்பி, பல படகுகளில் பாயைச் சுருட்டும் அலுமினியக் குழலுக்குள் மறைந்துகிடக்கிறது. அதைப் பிரித்துப் பார்க்கச் சொல்வார். பாய்மரத்தில் எவர்சில்வர் பாகங்களை முடுக்கிய இடங்களில் வெண்ணிறப் பொடி பூத்திருக்கிறதா என்றும் பார்ப்பார். அலுமினியம், எவர்சில்வர், இடையே உப்புநீர். நீங்கள் ஆய்வுக்கூடத்தில் செய்யும் மின்கலம் அங்கே தானாகவே அமைந்துவிட்டது. கரைந்துபோவது அலுமினியமே.

மிகவும் மறைவான இடம், மேல்தளத்தைத் துளைத்துச் செல்லும் எஃகுப் பட்டை. நீர் உள்ளே கசியாமலிருக்க அதைச் சுற்றிப் பசை பூசியிருப்பார்கள். பசை சிறிது விட்டுக்கொடுத்ததும் உப்புநீர் புகுந்து தங்குகிறது. காற்று மட்டும் புகுவதில்லை. படகின் உள்ளே, பட்டைக்குக் கீழே பழுப்பு நிறக் கறை வழிந்திருந்தால் அதுவே முதல் எச்சரிக்கை. ஆய்வாளர் சிறு சுத்தியலால் பட்டையைச் சுற்றியுள்ள மேல்தளத்தைத் தட்டிப் பார்ப்பார். கணீரென்றால் நல்லது. மந்தமாக ஒலித்தால், தளத்தின் உள்ளேயுள்ள மரம் நீரில் ஊறி மட்கிவிட்டது. மண்பானை வாங்குபவரின் அதே சோதனை!

ஐயம் ஏற்பட்டால் பட்டையைக் கழற்றி எடுத்துச் சாயச் சோதனை செய்ய வேண்டும். பட்டையை நன்கு துடைத்து, சிவப்புச் சாயத்தைப் பூசிச் சிறிது நேரம் காத்திருப்பார்கள். நுண்புழைக் கவர்ச்சியால் சாயம் விரிசலுக்குள் ஏறிக்கொள்ளும். மேற்பரப்பைத் துடைத்துவிட்டு வெண்பொடியைத் தெளித்தால், விரிசலுக்குள் ஒளிந்திருந்த சாயத்தைப் பொடி உறிஞ்சி வெளியே கொண்டுவரும். வெண்மையின் நடுவே ஒரு சிவப்புக் கோடு! அந்நாளில் இரயில்வே பட்டறைகளில் எண்ணெயும் சுண்ணப்பொடியும் கொண்டு இதையே செய்தார்கள். தேநீர் ஊற்றிய பழைய பீங்கான் கோப்பையில், முன்பு தெரியாத கீறல் பழுப்புக் கோடாகத் தெரிவதும் இவ்வாறே.

ஒரு பாலத்தின் கதை

இவ்வளவு சிறிய கீறலுக்கு இவ்வளவு பாடா என்று தோன்றலாம். அமெரிக்காவில் ஓகையோ ஆற்றின் குறுக்கே 1928இல் 'வெள்ளிப் பாலம்' என்னும் தொங்குபாலம் கட்டப்பட்டது. வடங்களுக்குப் பதிலாக, முனையில் துளையுள்ள எஃகுப் பட்டைகளைத் தடித்த பின்களால் கோத்து அதைத் தொங்கவிட்டிருந்தார்கள். நம் படகின் பட்டையும் பின்னும் போன்ற அமைப்பே. 1967 டிசம்பர் 15 அன்று மாலை, வண்டிகள் நிறைந்திருந்த வேளையில் பாலம் முழுவதும் ஆற்றில் விழுந்தது. 46 பேர் மாண்டனர். ஒரே ஒரு பட்டையின் துளை விளிம்பில் இருந்த 2.5 மி.மீ. ஆழமுள்ள விரிசலே காரணம் எனக் கண்டறிந்தார்கள். அவ்விடம் இணைப்பினுள் மறைந்திருந்தது. பிரித்தாலன்றிப் பார்க்க முடியாது.

நடுக்கடலில் பாய்மரத்தை இழப்பது எத்தகைய துன்பம் என்பதை நம் நாட்டவர் ஒருவரும் அறிவார். 2018 செப்டம்பரில் இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி, கோவாவில் கட்டப்பட்ட 'துரியா' என்னும் படகில் தனியாக உலகைச் சுற்றும் பந்தயத்தில் சென்றுகொண்டிருந்தார். தென் இந்தியப் பெருங்கடலில் கடும்புயலில் படகு புரண்டு பாய்மரம் முறிந்தது. அங்கே காரணம் புயலேயன்றிப் பழைய கம்பியன்று. முதுகெலும்பு காயமுற்று அசைய முடியாமல் கிடந்த அவரை, செப்டம்பர் 24 அன்று ஒரு பிரெஞ்சுக் கப்பல் மீட்டது. அத்தகைய புயல் வருவதை நம்மால் தடுக்க இயலாது. ஆனால், புயலே இல்லாத நாளில் ஒரு பழைய பட்டையால் அதே நிலைக்கு ஆளாவதைத் தடுக்க இயலும்.

படகு வாங்கும் வாய்ப்பு நம்மில் பலருக்குக் கிட்டாது. ஆனால், மிதிவண்டியின் பிரேக் கம்பி, கிணற்று இராட்டினத்தின் கொக்கி, ஊஞ்சல் சங்கிலியின் கண்ணி, வீட்டு மின்விசிறியைத் தாங்கும் போல்ட்டு ஆகியவை நம் எல்லோரிடமும் உண்டு. அவையும் நாள்தோறும் இழுபடுகின்றன. அவற்றிலும் மறைவான இடங்கள் உண்டு. பிரேக் கம்பி, கைப்பிடிக்குள் நுழையும் இடத்தை இன்று மாலை சற்றே வெளியே இழுத்து, ஒரு பஞ்சுத் துண்டால் தடவிப் பாருங்கள். பஞ்சு சிக்கினால், நாளை பள்ளிக்குப் புறப்படுமுன் புதுக்கம்பி போட்டுவிடுங்கள்.